தூத்துக்குடிக்குக் குடிவரலாமா? முதலில் தெருவைப் பாருங்கள்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் இருக்கிறோம். கணவருக்குத் தூத்துக்குடித் துறைமுகம் சார்ந்த ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், சர்க்கரை நோய் உள்ள மாமியார். எனக்கும் வேலைக்குப் போக ஆசை. குடும்பத்தோடு வந்துவிடலாமா? நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

பதில்:

வாங்க. தாராளமாக வரலாம். ஆனால் வீட்டு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவைப் பற்றி முழுதாக விசாரித்துவிட்டு வாங்க. இந்த ஊரில் ஒரே வாடகை கொடுக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று நிம்மதியாக இருக்கும், இன்னொன்று ஒவ்வொரு ஐப்பசியிலும் வானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது தண்ணீர்தான். நான் கல்யாணமாகி இங்கே வந்தவள், பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். இப்போது, துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். இந்த ஊரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தூத்துக்குடி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடர் தடுத்துவிடுவதால், நமக்குக் கிடைப்பதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழைதான். மாவட்டத்தின் சராசரி வருஷம் முழுக்கச் சேர்த்தே ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். அதனால்தான் இங்கே உப்பு விளைகிறது. நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்புக்குப் பேர்போன இடம் இது. ஆனால் நகரமோ தாம்பாளம் மாதிரித் தட்டை. மேற்கே மானாவாரிக் காடுகளில் பெய்யும் மழை ஓடைகள் வழியாகக் கோரம்பள்ளம் குளத்துக்கு வந்து, அங்கிருந்து உப்பாற்று ஓடையில் கடலுக்குப் போக வேண்டும். ஊருக்குள் விழும் மழைக்குப் பக்கிள் ஓடை. சாதாரண மழையென்றால் இது சமாளிக்கும். மொத்தமாகக் கொட்டினால், தண்ணீர் போக வழி தெரியாமல் தெருக்களில் நின்றுவிடும். கடலும் ஏறியிருக்கும் நேரமென்றால் வடியவே வடியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். வருஷத்து மழையை விட அதிகம், ஒரு நாளுக்குள். தாமிரபரணி கரை தாண்டியது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. திருநெல்வேலி சாலை துண்டிக்கப்பட்டதால் ஊரே தனித்துவிட்டது. எங்கள் தெரு கொஞ்சம் மேடு, தண்ணீர் வாசல்படியோடு நின்றது. என் நாத்தனார் வீட்டில் பிரிட்ஜ் மிதந்தது. மின்சாரம் இல்லை, போன் இல்லை, அவர்களுக்குச் சோறு கொண்டுபோக வழியில்லை. இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடக்கிற தூரம்தான். வேளச்சேரியில் இருக்கிற உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்த அளவு மழை அபூர்வம், சரி. ஆனால் முத்தம்மாள் காலனி, ரஹ்மத் நகர், பிரையண்ட் நகரின் தாழ்ந்த பகுதிகள் போன்ற இடங்களில் 2023-க்கு முன்பும் மழைக்காலத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வடிகால்களும் சாலைகளும் போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. அதே சமயம் சாலை உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் போன தெருக்களும் உண்டு. புறநகரில் புதிதாகப் பிளாட் போட்டு விற்கும் இடங்களில் பழைய உப்பளமும், குளத்துக்குத் தண்ணீர் வந்த ஓடைத் தடமும் எவ்வளவு இருக்கின்றன என்று பெரியவர்களைக் கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார்கள்.

வீட்டுக்காரரிடம் "மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "அதெல்லாம் மோட்டார் வச்சு எடுத்துருவாங்கம்மா" என்றுதான் பதில் வரும். அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, 2023-ல இங்க எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் சுவரில் கை வைத்துக் காட்டுவார். காம்பவுண்டுச் சுவரில் கறை இருக்கிறதா, வீட்டின் தரை சாலையை விட எத்தனை படி உயரம், மின்சார மீட்டரும் மோட்டார் சுவிட்சும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். மாமியாருக்கு மாடி ஏற முடியுமென்றால் முதல் மாடி எடுங்கள். முடியாதென்றால் உயர்ந்த தளமுள்ள தரைவீடு கிடைக்கும்வரை காத்திருங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் மின்சாரம் இல்லாத நாட்களில் அதை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்பதையும் இப்போதே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குடிக்கிற தண்ணீர். கடலோரத்தில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணி. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, குழாய்களில் வெள்ளையாகப் படியும், தலைமுடி கொட்டுகிறது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நல்ல தண்ணி வல்லநாட்டில் தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது. இதைக் கொண்டுவந்தவர் அன்றைய நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து. அதற்கு முன் இந்த ஊர் குடிதண்ணீருக்குப் பட்ட பாட்டை என் மாமனார், அவருடைய அப்பா சொல்லக் கேட்டதாகச் சொல்வார். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். இருந்தாலும் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வரும் என்பது பகுதிக்குப் பகுதி மாறும். வீட்டில் நல்ல தண்ணீருக்கென்று தனித் தரைத்தொட்டி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லாத வீட்டில் கேன் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் மாதாமாதம் செலவு வைக்க வேண்டும். வாடகை குறைவு என்று எடுத்த வீடு இப்படித்தான் கடைசியில் விலை கூடிவிடும்.

இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டதென்றால் மற்றவற்றைச் சமாளித்துவிடலாம், பல விஷயங்களில் சென்னையை விடச் சந்தோஷமாகவே இருக்கலாம்.

முதலில் நேரம். இங்கே ஊருக்குள் எங்கே போனாலும் சீக்கிரம் போய்விடலாம். துறைமுகத்துக்குப் போகிறவரும் சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட முடியும். சென்னையில் ரயிலிலும் பேருந்திலும் கரைகிற பொழுது இங்கே உங்கள் கையில் இருக்கும். நடுவில் தடங்கல் என்றால் ரயில்வே கேட்தான். ஒண்ணாம் கேட், ரெண்டாம் கேட் என்று வழி சொல்வதே கேட்டை வைத்துத்தான். ஆனால் ஒன்று: துறைமுகச் சாலையிலும் புறவழிச் சாலைகளிலும் கண்டெய்னர் லாரிகள் இரவு பகல் பாராமல் ஓடும். உங்கள் கணவர் இருசக்கர வண்டியில் போவாரென்றால் ஹெல்மெட்டில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிள்ளைகளை அந்தச் சாலைகளில் சைக்கிளில் அனுப்பாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் நிறுத்த மாட்டேன். விசைப்படகுகள் அதிகாலை போய் அன்று இரவே திரும்பிவிடும். அதனால் ஐஸில் நாட்கணக்காகக் கிடந்த மீனுக்கும் இங்கே கிடைக்கும் மீனுக்கும் ருசியில் அவ்வளவு வித்தியாசம். சென்னையில் நீங்கள் வஞ்சரம் என்று வாங்குவதை இங்கே சீலா என்பார்கள். விளமீன், ஊளி, பாறை, சாளை, கணவாய், நண்டு எல்லாம் வரும். நல்ல மீன் மலிவாகக் கிடைக்கும் என்று மட்டும் எண்ணி வராதீர்கள். பெரிய மீனும் இறாலும் ஏற்றுமதிக்கும் கேரளாவுக்கும் போய்விடுவதால் விலை ஏறித்தான் நிற்கும். எங்கள் வீட்டில் தினசரிக்குச் சாளை, ஞாயிற்றுக்கிழமைக்கு விளமீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது திரேஸ்புரம் பக்கம் நாட்டுப்படகு மீன் பாருங்கள், அளவு குறைவாக இருந்தாலும் அருமையாக இருக்கும். இரவுப் பரோட்டாக் கடைகளும், முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் மக்ரூனும் உங்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டையும் மாமியார் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

காற்றைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். இது அனல்மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலையும் வேதித் தொழிற்சாலைகளும் உள்ள ஊர். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிராக நடந்த போராட்டத்தில் 2018 மே 22-ல் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. மீண்டும் திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்த ஊரில் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் மாறும். ஆலையை நம்பிப் பிழைத்து வேலை இழந்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். புதிதாக வந்து ஒரு பக்கம் நின்று சட்டென்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நடைமுறையில் சொன்னால், வீட்டில் யாருக்காவது மூச்சிளைப்பு இருந்தால் தெர்மல் நகர், முத்தையாபுரம் பக்கம் ஆலைகளை ஒட்டி வீடு எடுக்காமல் நகரத்தின் உட்பகுதியில் பாருங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது எல்லோர் வீட்டிலும் புழுதிதான். ஒரு நாள் துடைக்காவிட்டால் மேசையில் பெயர் எழுதலாம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி, கேட், ஏசி வெளிப்பெட்டி எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். சொந்த வீடு கட்டும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வாடகைக்கு வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

மருத்துவத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், பிரசவம், எலும்பு முறிவு இதற்கெல்லாம் வெளியூர் போக வேண்டியதில்லை. சிக்கலான அறுவை சிகிச்சை, அபூர்வ நோய் என்றால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிற வழக்கம் இருக்கிறது. திருநெல்வேலி சுமார் 50 கிலோமீட்டர். அந்தச் சாலை நன்றாக இருப்பதால் அவசரத்துக்குப் போய்ச் சேரலாம்.

பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை, நூறாண்டு தாண்டிய மிஷன் பள்ளிகளும் உண்டு. கல்லூரி என்றால் வ.உ.சி. கல்லூரி, புனித மரியன்னை கல்லூரி, காமராஜ் கல்லூரி, மீன்வளக் கல்லூரி என்று இருக்கின்றன. பொறியியலுக்குப் பெரும்பாலான பிள்ளைகள் வெளியூர்தான் போகிறார்கள்.

உங்கள் வேலை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. உங்கள் கணவருக்கு இந்த ஊர் ஒரு வேலையோடு நிற்காது. ஏற்றுமதி, சரக்குக் கிடங்கு, கப்பல் முகவர் அலுவலகம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறலாம். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையும் 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று. ஆனால் சென்னையில் ஐ.டி.யிலோ விளம்பரத்திலோ இருக்கிற பெண்ணுக்கு இங்கே அதே சம்பளத்தில் வேலை கிடைப்பது கஷ்டம். ஐ.டி. நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா 2024 டிசம்பரில் திறக்கப்பட்டிருக்கிறது, இன்னும் பெருக வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்றால் பிரச்சினையில்லை. இல்லையென்றால், ஆசிரியர், வங்கி, கணக்கு, ஏற்றுமதி ஆவண வேலை இந்த வட்டத்துக்குள்தான் தேட வேண்டியிருக்கும். கணவரின் வேலைக்காக மட்டும் ஊர் மாறி, நம் வேலை போய், வீட்டுக்குள் குமைந்துபோன பெண்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன். சம்மதம் சொல்வதற்கு முன் நீங்களும் இங்கே விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். இதை அவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

சென்னைக்குப் போய்வர முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். பொங்கல், தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்காது. திருநெல்வேலி போனால் வந்தே பாரத் உண்டு. வாகைக்குளம் விமான நிலையத்தின் புது முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது, ஓடுபாதையும் நீண்டிருக்கிறது.

பொழுதுபோக்கு குறைவு என்பார்கள், உண்மைதான். பெரிய மால், இசை நிகழ்ச்சி, புத்தக வெளியீடு என்று பழகியவர்களுக்கு முதல் வருஷம் வெறுமையாக இருக்கும். கடல் பக்கத்திலேயே இருந்தும் மெரினா மாதிரி அலை அடிக்கும் நீண்ட மணல் கரையை எதிர்பார்க்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் இந்தப் பக்கம் கடல் அமைதியாகவே இருக்கும். சாயங்காலம் ரோச் பூங்காவிலும் முத்துநகர் கடற்கரையிலும் பிள்ளைகள் விளையாடலாம். திருச்செந்தூர் பக்கத்தில்தான். ஜூலை 26-ல் பனிமய மாதா கோவிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை ஊர் வேறு முகம் காட்டும். எல்லா மதத்துக்காரர்களும் மாதாவைப் பார்க்கப் போவார்கள். நான் இந்த ஊர்க்காரியானது அப்படி ஒரு திருவிழாக் கூட்டத்தில்தான் என்று சொல்லலாம். என் மாமியார், தெரிந்த வீடு ஒவ்வொன்றுக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் "எங்க வீட்டுப் பிள்ளை" என்று அறிமுகப்படுத்தினார். அக்கம்பக்கத்தில் முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம் இன்னும் இங்கே போகவில்லை. அதே ஆட்கள்தான் உங்கள் வீட்டுக்கு யார் வந்தார், போனார் என்றும் விசாரிப்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது. வயதானவர் ஒருவரை வீட்டில் விட்டு வேலைக்குப் போகும்போது அந்த விசாரிப்பே பாதுகாப்பு.

கல்வியாண்டுக் கணக்கில் பார்த்தால் மே மாதம் வருவதுதான் வசதி. ஆனால் வீடு பார்க்க மட்டும், முடிந்தால் நவம்பரில் ஒரு மழை நாளில் வந்து பாருங்கள். காய்ந்த மே மாதத்தில் எல்லாத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தெரியும். நவம்பரில் வர முடியாதென்றால், முதலில் கணவர் மட்டும் ஒரு அறை எடுத்துத் தங்கி ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் குடும்பத்தைக் கூட்டி வரட்டும். எந்தெந்தப் பகுதியில் வீடு சொல்லியிருக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த தெருவென்றால் நானே சொல்கிறேன், தெரியாவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் உறவுக்காரர்களைக் கேட்டு எழுதுகிறேன்.