ஜெட்டை வாங்குமுன் பொயின்ட்டைப் பாருங்கள்: பழைய சீஜி 125க்கு வீட்டிலேயே டியூனிங்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். அப்பா ஓடிய பழைய ஹொண்டா சீஜி 125 ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்துகிறேன். பற்றவைப்புக்குப் பொயின்ட் (திறந்து மூடும் மின்தொடுகை) உள்ள, 6 வோல்ட் மாடல். ஏர் பொக்ஸைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர், குட்டைச் சைலன்சர், தாழ்ந்த ஹேண்டில் பூட்டினேன். மெயின் ஜெட்டையும் பெரிதாக்கினேன். இப்போது காலி வீதியில் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. அரை அக்சலேட்டரில் திக்கித் திக்கி இழுக்கிறது. கையை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. அடுத்து எந்த ஜெட் வாங்க வேண்டும்? சேஸியின் பின்பகுதியை வெட்டி ஒற்றைச் சீட் போடலாமா?

பதில்: இப்போதைக்கு எந்த ஜெட்டும் வாங்க வேண்டாம். ஜெட் என்பது கார்பரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும், துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு. நீங்கள் பெரிதாக்கிய மெயின் ஜெட், அக்சலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் திருகும்போதுதான் வேலைக்கு வரும். உங்கள் கோளாறுகளோ நிற்கும்போதும், அரைத் திறப்பிலும், கையை விடும்போதும் வருகின்றன. இந்த மூன்று இடத்திலும் மெயின் ஜெட்டுக்குப் பேச்சில்லை. அதோடு ஃபில்டர், சைலன்சர், ஜெட் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியதால் எது எதைக் கெடுத்தது என்று இனிக் கண்டுபிடிக்கவே முடியாது. எனவே பழைய ஏர் பொக்ஸ், பழைய சைலன்சர், பழைய ஜெட் மூன்றையும் திருப்பிப் பூட்டுங்கள். கம்பனியிலிருந்து வந்த நிலையில் எஞ்சின் ஒழுங்காக ஓடிய பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம்.

திருப்பிப் பூட்டிய பின்னும் கார்பரேட்டரில் கை வைக்காதீர்கள். முதலில் டப்பட் (வால்வு இடைவெளி), பிறகு பொயின்ட், பிறகு காற்றுக் கசிவு, கடைசியில்தான் கார்பரேட்டர். பழைய பைக்குகளில் "கார்பரேட்டர் கோளாறு" என்று கராஜுக்கு வருபவற்றில் பல உண்மையில் பற்றவைப்புக் கோளாறுகள். பொயின்ட் பிந்தித் திறந்தாலும் எஞ்சின் இழுக்காது, பொயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கொண்டென்சர் பழுதானாலும் திக்கும். அந்த நிலையில் ஜெட்டை மாற்றினால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடியதாகிவிடும்.

டப்பட்டை எஞ்சின் முழுதும் ஆறிய நிலையில்தான் அளக்க வேண்டும். கொழும்பு வெயிலில் பகலில் நிறுத்திய வண்டி இலகுவில் ஆறாது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். நடு ஸ்டாண்டில் ஏற்றி, பிளக்கைக் கழற்றி, டொப் கியரில் போட்டுப் பின்சில்லைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் எஞ்சின் மெதுவாகத் திரும்பும். இடதுபக்க மூடிக்குள் இருக்கும் ரோட்டரில் 'டி' கோடு, உடலிலுள்ள கோட்டுக்கு நேரே வரும்போது வால்வுகளை அமுக்கும் ரொக்கர் இரண்டையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் சற்றுத் தளர்வாக ஆடினால் சரியான இடம். ஆடாவிட்டால் ரோட்டர் இன்னும் ஒரு முழுச் சுற்று வரும்வரை சுற்ற வேண்டும். இடைவெளி இரண்டு வால்வுக்கும் 0.08 மி.மீ. பீலர் கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். லொக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடச் சற்றுத் திரும்பிவிடும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் மூடியைப் பூட்டாதீர்கள். டக் டக் என்ற சத்தம் பிடிக்கவில்லை என்று இடைவெளியைக் குறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வால்வு முழுதாக மூடாது, புகை வால்வு எரிந்துபோகும். சத்தம் போடும் டப்பட்டைவிடச் சத்தமில்லாத டப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

அடுத்தது பொயின்ட். இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கினாலும் நட்டமில்லை.

முதலில் பொயின்ட்டின் இரு முகங்களையும் ரோச் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தாலோ, நீலமாகக் கருகியிருந்தாலோ கொண்டென்சரில் சந்தேகம் வையுங்கள். பொயின்ட் திறக்கும்போது அங்கே பெரிய பொறி பறந்து, பிளக்கில் மெலிந்த மஞ்சள் பொறி வந்தால் சந்தேகம் உறுதி. நல்ல கொண்டென்சர் என்றால் பிளக்கில் தடித்த நீலப் பொறி சடக்கென்ற சத்தத்தோடு பாயும். கொள்ளளவு பார்க்கும் மல்டிமீட்டர் இருந்தால் 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் வரை காட்ட வேண்டும். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பல வருடமாகப் பெட்டியில் கிடந்த ஒரிஜினல் கொண்டென்சர் கிடைத்தால் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். பாவிக்காமலே இறந்துபோகும் சாமான் அது. மீட்டரோடு போங்கள்.

சிறிய கருகலை 600 ஆம் இலக்க மண்தாளால் மெதுவாகத் தேய்க்கலாம். அந்தத் தூள் முகங்களுக்கிடையே இருந்தால் மின்சாரம் பாயாது. அதனால் பெற்றோல் தொட்ட வெள்ளைக் கடதாசியை இடையில் வைத்து இழுத்து, கறுப்புக் கறை வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். கைரேகை எண்ணெய் பட்டால்கூடப் போதும், மறுநாள் காலை ஸ்டார்ட் வராது.

இடைவெளி, முழுதாகத் திறந்த நிலையில் 0.3 முதல் 0.4 மி.மீ. ஆனால் இடைவெளியைவிட, எந்தக் கணத்தில் திறக்கிறது என்பதே முக்கியம். அதற்குச் சிகரெட் தாள் ஒன்று போதும். மூடிய பொயின்ட்டின் இடையில் தாளைச் செருகி, ஒரு கையால் லேசாக இழுத்தபடி மறு கையால் பின்சில்லை மிக மெதுவாகச் சுற்றுங்கள். பிடித்திருந்த தாள் திடீரென வழுகி வரும் கணம்தான் பொயின்ட் திறக்கும் கணம். அப்போது ரோட்டரின் 'எஃப்' கோடு உடலின் கோட்டுக்கு நேரே நிற்க வேண்டும். கோடு வந்து சேருமுன்பே தாள் வழுகினால் டைமிங் (பொறி வரும் நேரம்) முந்துகிறது, இடைவெளியைக் குறையுங்கள். கோடு கடந்த பிறகு வழுகினால் பிந்துகிறது, இடைவெளியைக் கூட்டுங்கள். 0.3–0.4 எல்லைக்குள் நின்றுகொண்டு 'எஃப்' கோட்டில் திறக்கச் செய்ய முடியாவிட்டால் பொயின்ட்டைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் குதி தேய்ந்துவிட்டது. புதியது போடுங்கள். புதியதைப் பூட்டும்போது கேம் மேல் உரசும் துணித்துண்டுக்கு ஒரே ஒரு துளி ஒயில் விடுங்கள். விடாவிட்டால் குதி வேகமாகத் தேயும், இடைவெளி சுருங்கும், டைமிங் தானாகப் பிந்தும். வண்டி மெல்ல மெல்லச் சோம்பலாகி அதிகம் சூடாவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். கூடவிட்டால் ஒயில் பொயின்ட்டில் தெறித்துக் கருகும்.

பிளக் என்ஜிகே டி8ஈஏ, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

வெள்ளவத்தை என்றபடியால் எர்த் கம்பிகளையும் பாருங்கள். கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் நிற்கும் வண்டியில் உப்புக்காற்று முதலில் தின்பது இவற்றைத்தான். ஹொண்டாவில் பச்சைக் கம்பி எர்த். ஹெட்லைட் கூட்டுக்குள்ளும், கொயில் சேஸியில் பூட்டியிருக்கும் இடத்திலும் துருவைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள்.

இனிக் காற்றுக் கசிவு. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கார்பரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஆர்பிஎம் மாறினால் அங்கே காற்று உள்ளே இழுபடுகிறது. பழைய ஓ-ரிங் தட்டையாகிப் போயிருக்கும். பிளாஞ்சின் நட்டுகளை யாரோ அளவுக்கு மீறி இறுக்கி அதன் முகம் வளைந்துமிருக்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் மண்தாளை விரித்து முகத்தைச் சமமாகத் தேய்த்து, புது ஓ-ரிங் போட்டால் சரி. கையை விடும்போது வரும் வெடிச்சத்தத்துக்கும் பாதிக் காரணம் கசிவுதான், ஆனால் சைலன்சர் பக்கக் கசிவு. குழாய் எஞ்சின் தலையில் சேரும் இடத்தில் நசுங்கி அடைக்கும் வளையமொன்று இருக்கிறது. ஒருமுறை நசுங்கிய வளையம் மறுமுறை அடைக்காது. நீங்கள் சைலன்சரைக் கழற்றிப் பூட்டியபோது பழையதையே போட்டிருந்தால், வெளிக்காற்று குழாய்க்குள் போய், எரியாத பெற்றோல் அங்கே வெடிக்கிறது. மலிவான சாமான், ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே கார்பரேட்டர். ஜெட் துளைகளைக் குண்டூசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்த வேண்டாம். பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிடும். தூண்டில் நைலோன் நூலால் குத்தி, காற்று அடியுங்கள். மிதவை ஊசியின் கூம்பு முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையம் போன்ற பள்ளம் தட்டுப்பட்டால் அது பெற்றோலை அடைக்காது. கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பெற்றோல் குழாயில் வாயால் ஊதுங்கள். காற்றுப் போகக் கூடாது, நிமிர்த்தினால் போக வேண்டும். பெற்றோல் சம்பந்தப்பட்ட இந்த வேலைகளைச் சமையலறைப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம். திறந்த முற்றத்தில் செய்யுங்கள்.

பக்கத்திலுள்ள சிறிய ஸ்குரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். அக்சலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் இடையே இருந்தால் அது காற்று ஸ்குரூ, உள்ளே திருகினால் பெற்றோல் கூடும். ஸ்லைடுக்கும் எஞ்சினுக்கும் இடையே இருந்தால் பெற்றோல் ஸ்குரூ, உள்ளே திருகினால் பெற்றோல் குறையும். இதை மாறிப் புரிந்துகொண்டு நாள்கணக்காகத் திருகுபவர்கள் நிறையப் பேர். மெதுவாக முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். பத்து, பதினைந்து நிமிடம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கால் சுற்றாகத் திருகி ஆர்பிஎம் அதிகமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, ஸ்லைட் ஸ்குரூவால் ஆர்பிஎம்மை 1400 அளவுக்கு இறக்குங்கள். மறுபடி ஒருமுறை. குளிர்ந்த எஞ்சினில் செட் பண்ணினால் வீட்டு வாசலில் அழகாக நின்று, பம்பலப்பிட்டிச் சந்தியில் அணையும்.

இந்த நிலையில் வண்டி ஒழுங்காக ஓடினால், சிறிது காலம் அப்படியே ஓடிவிட்டு மாற்றத்துக்கு வாருங்கள். கூம்பு ஃபில்டரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஏர் பொக்ஸ் தூசியை மட்டும் தடுப்பதல்ல, கார்பரேட்டருக்கு அலைபாயாத காற்றையும் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் பக்கத்தில் பஸ் முந்திப் போகும்போதுகூடக் கலவை ஆடும், மழையில் தண்ணீர் நேரே உள்ளே போகும். சுமார் 11 குதிரைவலு உள்ள இந்த எஞ்சினின் பலத்தைக் கட்டுப்படுத்துவது கேமும் வால்வும். ஃபில்டரை மாற்றுவதால் கிடைப்பது சத்தம்தான். பழைய பொக்ஸுக்குள் புதிய ஃபோம் போட்டு லேசாக ஒயில் தடவுவது எவ்வளவோ மேல்.

சைலன்சரை மாற்றத்தான் வேண்டுமென்றால் உள்ளே சத்தத்தைக் குறைக்கும் பஃபிள் உள்ளதாக எடுங்கள். பிறகு ஹேண்டிலின் பிடியிலும் அதன் அருகிலும் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். எந்தக் கோட்டில் திக்குகிறது என்று தெரிந்தால் எதை மாற்றுவது என்றும் தெரியும். எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் சிறிய ஸ்குரூவும், கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். உங்கள் அரை அக்சலேட்டர் திக்கல் மீண்டும் வந்தால், ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்குங்கள். ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும். கிளிப்புக்கு வெட்டுகள் இல்லாத ஊசி என்றால் 0.5 மி.மீ. வாஷர் ஒன்றை ஊசியின் தலைக்கு அடியில் வையுங்கள். முழு அக்சலேட்டரைச் சோதிக்க ஆட்களில்லாத வீதியில் 2ஆம் கியர் போதும், வேகம் தேவையில்லை. இழுத்துக்கொண்டிருக்கும்போது சோக்கைச் சற்று இழுங்கள். இழுவை கூடினால் மெயின் ஜெட் சிறிது, குறைந்தால் போதுமானது அல்லது பெரிது. கெய்ஹின் ஜெட்டின் இலக்கம் துளையின் விட்டம், 100 என்றால் 1.00 மி.மீ. மிகுனியின் இலக்கம் வேறு கணக்கு. கலந்து வாங்காதீர்கள்.

தாழ்ந்த ஹேண்டில் பூட்டிய பிறகு செய்ய வேண்டிய ஒரு சோதனையைத் தவறவிட வேண்டாம். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இடம் வலமாக முட்டும்வரை திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது, சந்தியில் திரும்பும்போது வண்டி தானாகப் பாயும். கேபிளை வேறு வழியால் கொண்டுபோங்கள். முன் பிரேக் லீவரின் நுனியில் 20 முதல் 30 மி.மீ. தளர்வு வேண்டும். ஒயில் 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40, போத்தலில் ஜாசோ எம்ஏ (பைக் ஒயிலின் தரக்குறி) என்று இருக்கட்டும். கிளச்சும் அதே ஒயிலில்தான் மூழ்கியிருக்கிறது என்பதால் கார் ஒயில் விட்டால் கிளச் வழுகலாம்.

சேஸியை வெட்டலாமா என்ற கேள்விக்குப் பதில், வேண்டாம். ஷொக் அப்சோபரின் மேல்முனையைத் தாங்குவது அந்தப் பின்பகுதிதான். தெருவோர வெல்டிங் ஒன்றை நம்பி அதில் ஆள் உட்காருவது ஆபத்து. ஒற்றைச் சீட்டை, இருக்கும் துளைகளிலேயே போல்ட் போடும்படி 3 மி.மீ. தகட்டில் அடித்தளம் செய்து பூட்டலாம். சேஸி இலக்கத்தின் மேல் பட்டி பூசவோ தேய்க்கவோ கூடாது. நிறம் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுச் சான்றிதழையும் திருத்துங்கள். ரெவனியூ லைசன்ஸுக்கு முன் வரும் புகைப் பரிசோதனைக்கு, எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். கழற்றிய பழைய சாமான்களை ஒயில் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஒரிஜினல் ஏர் பொக்ஸ் ஒன்றைப் பஞ்சிகாவத்தையில் உடையாமல் தேடி எடுப்பது இப்போது இலகுவான காரியமல்ல.