டூரிஸ்ட் விசாவில் கச்சேரிக்குப் போகலாமா?

கேள்வி: நான் மிருதங்கக் கலைஞன், வானொலியில் பி-ஹை கிரேடு. வரும் ஏப்ரலில் ஒரு பாடகருடன் அமெரிக்காவில் ஆறு ஊர்களில் கச்சேரி. என்னிடம் பத்து வருட பி1/பி2 விசா இருக்கிறது. "கோயில் கச்சேரிதானே, சம்மானத்தை டொனேஷனாகத் தந்துவிடுகிறோம், புது விசா எதற்கு?" என்கிறார் ஏற்பாட்டாளர். போகலாமா?

பதில்: போகாதீர்கள்.

பி1/பி2 ஊர் சுற்றவும், உறவினரைப் பார்க்கவும், மீட்டிங்குக்கும். வாசித்துப் பணம் வாங்கினால் அது வேலை. சம்மானம், டொனேஷன், வழிச்செலவு என்று எந்தப் பெயர் வைத்தாலும் வேலைதான். கோயிலில் நடப்பதாலோ, டிக்கெட் இல்லை என்பதாலோ அது மாறிவிடாது. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி உங்கள் பெயரைத் தட்டினால் போதும், ஆறு ஊர் போஸ்டரும் உங்கள் போட்டோவோடு திரையில் வரும். அவரிடம் "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொல்லியிருந்தால், பொய் சொல்லி நுழையப் பார்த்தவர் என்று பதிவாகும். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவதோடு அது முடியாது. பொய் சொல்லி நுழைவதற்கான சட்டப்பிரிவில் விழுவது ஆயுள் தடை. ஏற்பாட்டாளர் அடுத்த வருடம் வேறொரு மிருதங்கத்தைப் பிடித்துக்கொள்வார்.

அவர் எதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்பது எனக்குத் தெரியும். அமெச்சூர் விலக்கு என்று ஒன்று உண்டு. இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர், ஊதியம் வாங்காமல், சமூக நிகழ்ச்சியிலோ அறப்பணிக்காகவோ வாசித்தால் பி2 போதும், வழிச்செலவைக்கூட வாங்கிக்கொள்ளலாம். வங்கியில் வேலை பார்க்கிறவர், ஆசைக்கு வாசிக்கிறவர், மகள் வீட்டுக்குப் போன இடத்தில் நவராத்திரிக்குச் சும்மா வாசிக்கிறார் என்றால் அவருக்கு இது பொருந்தும். நீங்கள் வானொலிக் கலைஞர், சபாக்களில் வாசிக்கிறவர். "அப்படியானால் இலவசமாக வாசிக்கிறேன்" என்றாலும் நடக்காது. பணம் வாங்கவில்லை என்பது விலக்கில் பாதி. தொழில்முறைக் கலைஞராக இருக்கக் கூடாது என்பது மீதிப் பாதி. அந்த மீதியை மட்டும் யாரும் உங்களிடம் சொல்வதில்லை.

உங்களுக்குரியது பி-3 விசா (ஆங்கிலத்தில் P-3; உங்களிடம் இருக்கும் B1/B2-வின் வரிசை அல்ல). தனித்த பண்பாட்டுக் கலைகளை நிகழ்த்துகிறவர்களுக்கானது. நீங்களாக விண்ணப்பிக்க முடியாது; அமெரிக்காவில் இருக்கும் அழைப்பாளர்தான் ஐ-129 மனு போட வேண்டும். ஒப்பந்தம், எந்தத் தேதி எந்த ஊர் என்ற பட்டியல், உங்கள் கலையை அறிந்தவர்களின் கடிதம் அல்லது பத்திரிகை விமர்சனம், கூடவே அங்குள்ள தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம். தனியாவர்த்தனத்துக்கும் அமெரிக்கத் தொழிற்சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். மனு பாஸானால் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பம், அப்புறம் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதிக்குத் தவம். மாதக்கணக்கில் சேர்த்த காகிதத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் இரண்டு கேள்வியில் முடிவு சொல்லிவிடுவார்கள்.

ஒரு வருடத்துக்கு முன்பே மனு போடலாம். நம் அமைப்பாளர்கள் விழித்துக்கொள்வது கடைசி இரண்டு மாதத்தில். அப்போது கூடுதல் கட்டணம் கட்டி 15 வேலை நாளில் முடிவு கேட்பார்கள். அந்தக் கட்டணம் உங்கள் சம்மானத்தில் கழியுமா என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

நடுவில் ஏஜென்ட் யாராவது இருந்தால் இன்னும் உஷார். குழுப் பட்டியலில் தம்புரா, கோரஸ், தாளம் என்று நீங்கள் பார்த்தே இராத பெயர்களைச் செருகுவார்கள். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். இறங்கியதும் காணாமல் போய்விடுவார்கள். அதன் பிறகு அதிகாரிகள் தேடி வருவது மேடையில் உட்கார்ந்திருக்கும் உங்களை. மனுவில் உள்ள பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சுருதி சேர்க்கத் தெரியாத தம்புராக்காரர் அதில் இருந்தால் அந்தக் குழுவே வேண்டாம்.

ஐ-797 என்ற ஒப்புதல் அறிவிப்பின் நகல் கைக்கு வரட்டும். அதிலுள்ள ரசீது எண்ணை அமெரிக்கக் குடியுரிமைத் துறையின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, அனுமதித் தேதி கடைசிக் கச்சேரியைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். "வக்கீலிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்" என்று இழுத்தால் டிக்கெட் எடுக்க வேண்டாம். அங்கே போன பிறகு ஏழாவதாக ஓர் ஊர் சேர்ந்தால், அதே அழைப்பாளர் ஏற்பாடு செய்யும் இதேபோன்ற கச்சேரிக்குப் புது மனு தேவையில்லை. வேறொருவர் தனியாகக் கூப்பிட்டால் அவர் தனி மனு போட்டாக வேண்டும்.