திருட்டுப்போன கார் கொள்ளையில் சிக்கியது: விசாரணைக்கு எப்படிப் போவது?

கேள்வி: வாசலில் நின்ற என் கார் காணாமல் போனது. மறுநாளே புகார் கொடுத்தேன், சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) மட்டும் தந்தார்கள். நாலு நாள் கழித்து, ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்தவர்கள் அந்தக் காரில்தான் தப்பினார்களாம். இப்போது போலீஸார் தினமும் போனில் கூப்பிடுகிறார்கள். "பேரை எடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர் பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஆளை விடுங்கள். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நின்றுகொண்டு "இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர்" என்று பேசும் யாராலும் வழக்கிலிருந்து ஒரு பெயரை எடுக்க முடியாது. பணம் கொடுத்தால், "குற்றம் செய்யாதவர் ஏன் கொடுத்தார்?" என்ற கேள்விதான் மிஞ்சும். அப்புறம் அவரே அதைச் சொல்லி இன்னும் கேட்பார். இப்படி நகையை அடகு வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

விசாரணைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் சாட்சியாகவா, சந்தேக நபராகவா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். சாட்சி என்றால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவில் அழைப்பு வர வேண்டும். சந்தேகம் என்றால் 35(3)-இல் நோட்டீஸ். இரண்டுமே எழுத்தில்தான். 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. போனில் கூப்பிட்டால், "எழுத்தில் கொடுங்கள், கட்டாயம் வருகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு போகாமல் இருந்துவிடாதீர்கள். அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

காரின் இரண்டு சாவிகளும் எங்கே என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். இரண்டையும் எடுத்துப் போங்கள். ஆர்.சி., சி.எஸ்.ஆர். ரசீது இரண்டின் நகலும் வேண்டும். ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளை அழிக்கவே கூடாது. கார் எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது அதில் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் வேலையில் இருந்ததைக் காட்டினால் பாதிச் சந்தேகம் தீரும்.

கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை; அரசமைப்புச் சட்டம் 20(3) தரும் உரிமை அது. நீங்கள் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பி.என்.எஸ்.எஸ். 181-ஆம் பிரிவின்படி அந்த வாக்குமூலத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. வெற்றுத்தாளில் கையெழுத்து? எந்தக் காரணம் சொன்னாலும் போடாதீர்கள். "சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்று நீட்டிய தாள் பின்னால் என்னவாக மாறும் என்பது உங்கள் கையில் இல்லை.

"போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் நிற்காது" என்று பலர் தைரியமாகச் சொல்வார்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. காவலில் இருக்கும் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் சாட்சியமாகும். "நான்தான் கொள்ளையடித்தேன்" என்பது நிற்காது. "பணப்பை பாழுங்கிணற்றில் கிடக்கிறது" என்று சொல்லி, பை அங்கே கிடைத்தால் அந்த வாக்கியம் நிற்கும். ஊரில் காதில் விழுந்ததை நீங்கள் சொல்லியிருந்தாலும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி உங்கள் மேல்தான் விழும். அதனால் "அங்கே இருக்கலாம், இவன் எடுத்திருக்கலாம்" என்று ஊகம் எதையும் சொல்ல வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

ஒருவேளை கைது செய்தால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். வசதியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

கார் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல் ரசீதோடு அனுப்பியதே தவறு. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னும் எத்தனை வருடம் சொல்ல வேண்டுமோ! அன்றைக்கே போட்டிருந்தால் இன்று உங்களுக்கு இந்த அலைச்சல் இவ்வளவு இருந்திருக்காது. இப்போதாவது எஸ்.பி. அல்லது கமிஷனருக்குப் ஸ்பீட் போஸ்டில் புகாரை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் இன்றே எழுதிவிடுங்கள்.