குளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தம்பி

வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்புறம் ஒரு சிறு குளம், அதில் ஏழெட்டுத் தங்கமீன்கள், எப்போதாவது தலைகாட்டும் ஒரு தவளை. குளிர்காலத்துக்கு முன் என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்தக் கோட்டு வாங்குவது, வீட்டுக்குள் சூட்டை எத்தனை டிகிரியில் வைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோட்டுக்கும் சூட்டுக்கும் யோசனை சொல்ல நம்மவர்கள் வரிசையில் நிற்பார்கள். குளத்தைப் பற்றிக் கேட்டால்தான் "மண்ணைக் கொட்டி மூடிவிடுங்கள், தொல்லை விட்டது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால் அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

23 ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இந்தக் குளிர் நாட்டில் வந்து இறங்கியபோது எங்கள் வாடகை வீட்டிலும் இதே போல் ஒரு குளம் இருந்தது. இலையுதிர் காலத்தில் மஞ்சளும் சிவப்புமாக இலைகள் தண்ணீரின் மேல் மிதந்தன. அடடா, என்ன அழகு என்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். ஒரு இலையைக்கூட எடுக்கவில்லை. பிறகு குளம் உறைந்தது, பனி மூடியது, நானும் மறந்துபோனேன். வசந்தத்தில் பனிக்கட்டி உருகிய அன்று பின்கதவைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பதினொரு தவளைகள் வயிறு மேலாக மிதந்தன. குளிரில் விறைத்துச் செத்துவிட்டன என்று நினைத்து அழுதேன். பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "குளிர் கொல்லவில்லை, மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன" என்றாள்.

நடந்தது இதுதான். மூழ்கிய இலைகள் அடியில் அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்தபின்னும் அழுகல் நிற்காது. மீத்தேனும் அந்த முட்டை நாற்றம் பிடித்த ஹைட்ரஜன் சல்ஃபைடும் கிளம்பும். மேலே பனிக்கட்டி மூடி போட்டிருப்பதால் கெட்டது வெளியே போகாது, நல்லது உள்ளே வராது. தவளைகளில் சில குளத்தின் அடியிலேயே கிடந்து தோல் வழியாக மூச்சு வாங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும். அவற்றுக்கு அந்தத் தண்ணீரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

ஆகவே இலை உதிரத் தொடங்குவதற்கு முன்பே வலை கட்டுங்கள். விறைப்பாகக் கட்டவேண்டும், தொய்ந்த வலையில் பறவையும் முள்ளெலியும் சிக்கிக்கொள்ளும். ஓரத்தில் தவளை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். மரம் மொட்டையானதும் வலையைச் சுருட்டிவிடலாம், இல்லாவிட்டால் பனியின் பாரத்தில் குளத்துக்குள் விழும். ஆனால் நாரை வந்து போகும் இடமாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். குளிரில் மந்தமான மீன் அதற்கு எளிய இரை. அடிச்சேற்றை வழித்துச் சுத்தமாக்கிவிடவும் கூடாது. தட்டானின் இளம்புழுக்கள் அங்கேதான் இருக்கின்றன. பாதியை வாரி, கரையில் ஒரு நாள் அப்படியே குவித்து வையுங்கள். உயிருள்ளது தானாகத் தண்ணீருக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது தீனி. பசித்த வயிற்றைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்காது, அதுதான் ஆபத்து. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனதும் தங்கமீனுக்குத் தீனியை அறவே நிறுத்திவிடுங்கள். மீனின் உடம்புக்குத் தனிச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் குடலும் தூங்கிவிடும். போட்ட தீனி செரிக்காது, தின்னாமல் விட்டது அழுகும். மாதக்கணக்கில் பட்டினியா என்று பதறவேண்டாம். ஐந்து மாதம் பட்டினி கிடந்த என் மீன்கள் வசந்தத்தில் கையைக் கடிக்க வருகின்றன.

இனி, குளத்துப் பனிக்கட்டியை உடைக்கும் வீரர்கள். எந்தப் பேச்சையும் "நான் வந்து பதினைந்து வருடமாகிறது" என்றே தொடங்கும் ஒருவர் எங்களுக்கு அறிமுகமானார். அடுத்த குளிர்காலத்தில், காற்றுப் போக வழி வேண்டுமென்றால் கடப்பாரையால் ஓங்கி ஒரு போடு போடுங்கள் என்று என் கணவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவரும் போட்டார். மூடிய தண்ணீருக்குள் அந்த அடியின் அதிர்வு ஓடி மீன்களைத் தாக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் இரண்டு மீன்கள் போயின. பதினைந்து வருடமாகத் தன் பின்கதவைத் திறந்தே பார்க்காத மனிதர் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கே இப்படிப்பட்டவர்கள் நிறைய, தம்பி. வருடக் கணக்கைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

செய்யவேண்டியது எளிது. அடி தட்டையான ஒரு பாத்திரத்தில் வெந்நீர் நிரப்பிப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். அது மெதுவாக இளகி வட்டமாக ஓட்டை விழும். பாத்திரம் உள்ளே போய்விடாமல் கைப்பிடியில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். வெந்நீரைக் குளத்தில் ஊற்றாதீர்கள், உப்பைத் தூவவே தூவாதீர்கள். கடுங்குளிர் இடமாக இருந்தால் சிறிய மிதவைச் சூடேற்றி ஒன்று போதும்; குளம் முழுவதையும் சூடாக்கவேண்டியதில்லை, ஒரு துளை திறந்திருந்தால் சரி. பனிக்கட்டியின் மேல் பனி மூடிக்கிடந்தால் கரையிலிருந்தே நீளமான துடைப்பத்தால் தள்ளுங்கள். வெளிச்சம் கிடைத்தால் நீருக்கடியில் இருக்கும் செடிகள் கொஞ்சமாவது ஆக்சிஜன் தரும். பனிக்கட்டி கனமாகத் தெரிகிறதே என்று நம்பி அதன் மேல் காலை மட்டும் வைக்காதீர்கள், பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

பம்பை அடியில் வைத்து ஓட்டாதீர்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அந்தத் தண்ணீர் கீழே தங்கும், அதைவிடக் குளிர்ந்தது மேலே போய் உறையும். மீன்கள் கிடப்பது அந்த 4 டிகிரி மெத்தையில். பம்பு அதைக் கலக்கிவிட்டால் அடிவரை குளிர்ந்துபோகும். கழற்றிக் கழுவி உள்ளே வைத்துவிடலாம். குளம் 60 சென்டிமீட்டர் ஆழம்கூட இல்லையென்றால் மீன்களை முன்கூட்டியே ஒரு தொட்டிக்கு மாற்றி, உறையாத, ஆனால் சூடும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

செடிகளுக்கு அதிக வேலையில்லை. குளிர் தாங்கும் அல்லியை ஆழத்துக்கு இறக்குங்கள். வெங்காயத்தாமரை இருந்தால் முதல் உறைபனிக்கு முன் அள்ளி வெளியே போடுங்கள். வெயில் நாடுகளில் ஏரியையே விழுங்கும் அந்தச் சண்டியர் இங்கே ஒரே இரவில் கூழாகிவிடுகிறார். முதல் முறை பார்த்தபோது, வந்த புதிதில் நான் இருந்த நிலைதான் நினைவுக்கு வந்தது. கரையோரச் சம்பங்கோரையை வெட்டவேண்டாம், அதன் தண்டுகளில் பூச்சிகள் ஒண்டும். வாரிய இலைகளை எரிக்காமல் ஒரு மூலையில் குவித்தால் தேரை படுக்கும்.

அந்தக் கிழவி இப்போது இல்லை. வெந்நீர்ப் பாத்திர வித்தை அவள் சொல்லிக்கொடுத்தது. மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு நள்ளிரவு, என் கணவர் விளக்கைப் பிடித்துக்கொள்ள, நான் குளத்தோரம் மண்டியிட்டு நான்கு முறை வெந்நீர் மாற்றினேன். ஓட்டை விழுந்ததும் கீழே ஒரு செதில் மின்னியது. வேலிக்கு அந்தப் பக்கம் சன்னல் விளக்கு அணைந்தது; அதுவரை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த வசந்தத்தில்தான் எங்கள் குளத்தில் முதன்முதலாகத் தவளை முட்டைகள் கண்டோம்.

கோட்டா? முழங்காலை மூடும் நீளத்தில் வாங்குங்கள். மண்டியிட வேண்டியிருக்கும்.