கசானும் கப்பல்துறையும்

அன்புள்ள ஐயா,

ஹாலிவுட் இயக்குநர் எலியா கசானின் ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’ படத்தை அண்மையில் பார்த்தேன். துறைமுகச் சங்கத்தின் ஊழல் தலைவனுக்கு எதிராக ஒரு தொழிலாளி சாட்சி சொல்லும் கதை. 1952-ல் அமெரிக்க காங்கிரஸின் விசாரணைக் குழு முன்பு பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்ன கசான், அதை நியாயப்படுத்தவே இப்படத்தை எடுத்தார் என்கிறார்கள். அப்படியானால் அதில் வரும் துறைமுகம் வெறும் சாக்குதானா?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

கசானுக்கு அந்த நோக்கம் இருந்தது. தன் சுயசரிதையில் அவரே அதை மறைக்கவில்லை. திரைக்கதை எழுதிய பட் ஷுல்பெர்க்கும் அதே குழுவிடம் பெயர் சொன்னவர்தான். ஆனால் துறைமுகம் சாக்கு அல்ல. சாட்சி சொல்வதற்கு ஓராண்டு முன்பே, நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதிய புரூக்ளின் துறைமுகக் கதையோடு ஸ்டுடியோ படியேறியவர் கசான். வில்லன்களைக் கம்யூனிஸ்டுகளாக மாற்றும்படி ஸ்டுடியோ சொன்னதால் மில்லர் விலகிக்கொண்டார். இந்தப் படத்தின் வேரோ, மால்கம் ஜான்சன் 1948-ல் ‘நியூயார்க் சன்’ நாளிதழில் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற கட்டுரைத் தொடரில் இருக்கிறது.

அன்றைய நியூயார்க் துறைமுகத்தில் சுமை தூக்குபவருக்கு அடுத்த வேளை வேலை நிச்சயமில்லை. துறைமேடை வாசலில் ஆட்கள் அரைவட்டமாக நிற்க, மேஸ்திரி விசிலடித்துத் தனக்கு வேண்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பான்; கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தரச் சம்மதிப்பவர்கள், அதற்கு அடையாளமாகக் காதில் பல்குத்தும் குச்சியைச் செருகிக்கொண்டு நிற்பதுண்டு. வேலையைவிட ஆட்கள் அதிகமாக இருந்த இடத்தில், ஆளெடுப்பவன் கையில்தான் சங்கமும் இருந்தது. கந்துவட்டியும் சரக்குத் திருட்டும் அங்கிருந்தே கிளைத்தன. கப்பல் கம்பெனிகளுக்கும் இது வசதியே: கப்பல் வந்தால் உடனே ஆள் கிடைக்கும், வராத நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. படம் நழுவவிட்டது இதைத்தான் என்பது என் எண்ணம். மேலிடத்து மனிதர் ஒரே ஒரு காட்சியில், முதுகைக் காட்டியபடி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். குற்றமெல்லாம் சங்கத் தலைவன் ஜானி ஃப்ரெண்ட்லி தலையில் விழுந்துவிடுகிறது.

1953 நவம்பரில், நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் நியூஜெர்சியிலுள்ள ஹோபோக்கனில் படப்பிடிப்பு தொடங்கியது. நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் கூட்டாக அமைத்த ஆணையம், டிசம்பர் முதல் தேதியிலிருந்து அந்த வாசல் ஆளெடுப்பையே ஒழித்தது. அதே ஆண்டில் ஏ.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, ஊழல் மலிந்த பழைய சங்கத்தை வெளியேற்றிவிட்டுப் போட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. படத்தின் முடிவில் தொழிலாளர்கள் ஃப்ரெண்ட்லியை உதறிவிட்டு, சாட்சி சொன்ன கதாநாயகன், அடிபட்டுத் தள்ளாடும் டெர்ரியின் பின்னால் போகிறார்கள். படம் வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1954 மே மாதத்தில் நடந்த வாக்கெடுப்பில், உண்மையான தொழிலாளர்கள் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் பழைய சங்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள்.