பூனை, மாத்திரை, தண்ணீர் – கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் வீட்டுப் பூனை சொக்கனுக்கு (ஆண், நான்கரை கிலோ) சளி, தும்மல், கண்ணில் பீளை. டாக்டர் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. மாத்திரையை நான்காக உடைத்து, காலை ஒரு துண்டு இரவு ஒரு துண்டு என்று பத்து நாள் கொடுக்கச் சொன்னார். வீட்டில் நாங்கள் பெரியவர்கள் மூன்று பேர், அவன் ஒருவன். எங்களால் முடியவில்லை. கணவர் பிடரியைப் பிடித்துத் தூக்குவார், நான் வாயில் திணிப்பேன். விழுங்கிவிட்டவன்போல சமர்த்தாகப் போய் உட்காருவான். நேற்று பீரோவை நகர்த்திப் பெருக்கினால் அடியில் நான்கு துண்டுகள்! ஒரு நாள் வாயெல்லாம் நுரை தள்ளிவிட்டது. விஷம் ஏறிவிட்டதென்று என் மாமியார் அழுதேவிட்டார். பாலில் வெல்லம் போட்டு மாத்திரையைக் கரைத்து வைக்கலாம் என்பது அவர் யோசனை. பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் விட்டுத் தெம்பாகிவிடுவான் என்கிறான் என் தம்பி. பாலில் கரைத்துக் கொடுக்கலாமா ஐயா? இப்போது என்னைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறான். ஜென்மத்துக்கும் என்னை மன்னிக்கமாட்டானா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் தம்பியிடமிருந்து அந்த பாராசிட்டமால் அட்டையை வாங்கிப் பூட்டிவையுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரையென்றால் அரை மாத்திரை என்பது 250 மில்லிகிராம். பூனைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் போனாலே நச்சுக்குறி தெரிய ஆரம்பிக்கலாம். சொக்கனின் எடைக்கு அது 45 மில்லிகிராம்தான். நம் கல்லீரல் பாராசிட்டமாலைக் கட்டி வெளியேற்றப் பயன்படுத்தும் நொதி பூனைக்குப் போதிய அளவில் கிடையாது. உடைந்த மருந்து ரத்தத்தில் தங்கி, சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். உயிரே போகலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்க வேண்டாம். பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற விஷமுறிவு மருந்து உண்டு; எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. மனிதனுக்கு நல்லது பூனைக்கும் நல்லது என்ற நினைப்பில் இனி ஒரு மருந்தையும் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். இதை உங்கள் தம்பிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இனி உங்கள் கடிதம். பூனைக்கு மாத்திரை கொடுப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இனித் தள்ளிப்போடக்கூடாது என்று பட்டது. அதில் பிடரி வருகிறது, பீரோ வருகிறது, பால், வெல்லம், நுரை, கண்ணீர் எல்லாம் வருகின்றன. தண்ணீர் என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. சொக்கன் துப்பிய நான்கு துண்டுகளைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள். அவன் துப்பாமல் விழுங்கிய துண்டுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நாம் மாத்திரை போட்டுக்கொண்டால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறோம். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறோம், மாத்திரை கீழ்நோக்கி இறங்குகிறது. பூனை நான்கு காலில் நிற்கிற பிராணி. அதன் உணவுக்குழாய் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் போகிறது. வெறும் மாத்திரை வழியிலேயே, பெரும்பாலும் கழுத்துப் பகுதியில், ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மாத்திரை விழுங்கிய பூனைகளை எக்ஸ்ரேயில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. தண்ணீர் இல்லாமல் விழுங்கியவற்றில் பல ஐந்து நிமிடம் ஆகியும் உணவுக்குழாயிலேயே இருந்தன. பின்னாலேயே சில மில்லி தண்ணீர் கொடுத்தபோது மிகப் பெரும்பாலானவை சீக்கிரமே வயிற்றுக்குள் போய்விட்டன.

எந்த மாத்திரையாக இருந்தாலும் இது கெடுதல். டாக்ஸிசைக்ளின் என்றால் ஆபத்து. அதில் பரவலாகக் கிடைக்கும் ஹைக்ளேட் வகை ஈரம் பட்டுக் கரையும்போது கடும் அமிலத்தன்மை கொண்டது. ஒரே இடத்தில் ஒட்டி நின்று கரைந்தால் அந்த இடம் வெந்துபோகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி உணவுக்குழாய் குறுகிவிடும். இது உடனே தெரியாது. சில நாள் கழித்தோ சில வாரம் கழித்தோ பூனை ஆசையாகச் சாப்பிடும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் செரிக்காத தீனி அப்படியே திரும்பி வரும். வாந்திக்கு முன் வயிறு எக்குமே, அதுகூட இருக்காது. அடிக்கடி எச்சில் விழுங்கும், எச்சில் ஒழுகும், தண்ணியான ஆகாரம் மட்டும் இறங்கும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப் விட்டு, பலூனை உள்ளே ஊதி, குறுகிய இடத்தை விரிக்க வேண்டும். ஒரு தடவையோடு முடிவதும் அபூர்வம். சளிக்குப் போன பூனைக்கு இந்தக் கதி எதற்கு? ஐந்து மில்லி தண்ணீரில் தவிர்க்கக்கூடிய துன்பம் இது. கிளிண்டமைசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி கேப்ஸ்யூலும் இதே வேலையைச் செய்யும்.

உங்கள் டாக்டர்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. மாத்திரைச் சீட்டு எழுதத் தெரிந்தவர், பூனை மேஜைமேல் இருக்கும்போதே முதல் துண்டைத் தானே கொடுத்துக் காட்டியிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. கூட்டம் அதிகம், நேரமில்லை என்பதையெல்லாம் நான் ஏற்கமாட்டேன். நீங்களும் சும்மா வந்திருக்கக்கூடாது. “எப்படிக் கொடுப்பது என்று காட்டுங்கள் சார்” என்று கேட்டிருக்க வேண்டும்.

சரி, எப்படிக் கொடுப்பது. பிடரியைப் பிடித்துத் தூக்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். தாய்ப்பூனை குட்டியைத்தான் அப்படித் தூக்கும். நான்கரை கிலோ ஆம்பளைப் பூனைக்கு அது வலி, அதைவிடப் பயம். பயந்த பூனையின் வாய் இறுகிப்போகும். பூனையை நன்கறிந்த மருத்துவர்கள் இப்போது இதைக் கைவிட்டுவிட்டார்கள்.

தீனி வைப்பதற்குச் சற்று முன், பசியோடு இருக்கும் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகுதான் பூனையைத் தேட வேண்டும். கால்துண்டு மாத்திரை, துளி நெய், ஊசியைக் கழற்றிய 5 மில்லி சிரிஞ்ச் நிறையத் தண்ணீர், ஒரு பெரிய தேங்காய்ப்பூத் துண்டு, முள் எடுத்த வேகவைத்த மீன் ஒரு கரண்டி. மீன் உப்பில்லாமல் வெந்ததாக இருக்கட்டும். குழம்பு மீன் வேண்டாம், வெங்காயம் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். மாத்திரையின் உடைந்த பக்கம்தான் அதிகம் கசக்கும், அதில் நெய்யைத் தடவுங்கள், வழுக்கிக்கொண்டும் போகும்.

துண்டை மேஜைமேல் விரித்து, முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே பூனையை உட்கார வையுங்கள். ஒரு பக்கத்தை இழுத்து உடம்பைச் சுற்றி அடியில் சொருகுங்கள். முன்விளிம்பைத் தூக்கிக் கழுத்தடியில் கொண்டுவாருங்கள், முன்னங்கால்கள் உள்ளே போய்விடும். மறுபக்கத்தையும் சுற்றுங்கள். தலை மட்டும் வெளியே தெரிய வேண்டும். அதன் பின்புறம் உங்கள் கணவரின் வயிற்றைப் பார்த்து இருக்கட்டும், பின்னால் போக இடம் இருக்காது. அவர் இரண்டு முழங்கைக்கும் நடுவே அணைத்தாற்போல் வைத்திருந்தால் போதும், அழுத்த வேண்டாம்.

இடது கையை மேலிருந்து தலைமேல் வைத்து, கட்டைவிரலும் நடுவிரலும் கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்ன எலும்பில் படும்படி பிடியுங்கள். மீசை முடியை நசுக்காதீர்கள். மூக்கு விட்டத்தைப் பார்க்கும்படி தலையை நிமிர்த்துங்கள். கீழ்த்தாடை தானாகவே கொஞ்சம் தளரும். வலது கையில் மாத்திரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கட்டும். நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தித் திறந்து, நாக்கின் நட்டநடுவில், பின்னால் மேடாக இருக்கும் இடத்துக்கும் அப்பால் மாத்திரையை விடுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பயந்து பயந்து நாக்கின் நுனியிலோ ஓரத்திலோ போட்டால் அது கடைவாய்க்குப் போகும், கடிபடும், கசக்கும், நுரை வரும், பீரோவுக்கடியில் போய்ச் சேரும். சொக்கன் செய்தது அவ்வளவுதான். அதைக் கள்ளத்தனம் என்று சொல்லாதீர்கள், கசந்ததைத் துப்பினான்.

போட்டதும் வாயை மூடித் தலையைச் சமமட்டத்துக்கு இறக்குங்கள். தொண்டையை மேலிருந்து கீழாக மெல்லத் தடவுங்கள். நாக்கை நீட்டி மூக்கை நக்கினால் அனேகமாக விழுங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

விட்டுவிடாதீர்கள், இன்னும் வேலை முடியவில்லை. தண்ணீர்! சிரிஞ்சின் நுனியைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில், கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து நுழையுங்கள். தலை மட்டமாக இருக்க வேண்டும். ஒரு மில்லி விடுங்கள், விழுங்கட்டும், மறுபடி ஒரு மில்லி. சிரிஞ்சில் இருக்கும் ஐந்து மில்லியும் போக வேண்டும். மாத்திரைக்குத் தலையை நிமிர்த்தினோமே என்று தண்ணீருக்கும் நிமிர்த்தாதீர்கள். மொத்தமாகப் பீய்ச்சவும் வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தண்ணீர் முடிந்த கையோடு அந்த மீன். மீனை ஆவலாகத் தின்றுவிடுகிற பூனையென்றால் அதுவே மாத்திரையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் தின்னாது. அதனால்தான் தண்ணீரை நம்பச் சொல்கிறேன். மீனை வெதுவெதுப்பாக்கி வைத்துப் பாருங்கள்.

மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். எச்சிலில் ஊறிய துண்டை மறுபடி திணிக்காமல் புதுத்துண்டு எடுங்கள். மருந்துக்கடையில் வெற்று ஜெலட்டின் கேப்ஸ்யூல் கிடைத்தால் 4 அல்லது 5 எண் வாங்கி அதற்குள் துண்டை வைக்கலாம், கசப்பு நாக்கில் படாது. ஆனால் ஜெலட்டின் ஈரமில்லாத தொண்டையில் இன்னும் நன்றாக ஒட்டும். அதற்குத் தண்ணீர் இரட்டிப்பு அவசியம்.

பால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பாலிலுள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர்வது குறையும். தயிர், சீஸும் அப்படியே. கிண்ணத்தில் மிச்சம் வைத்தால் எவ்வளவு மருந்து போயிற்று என்றும் தெரியாது. வெல்லம் வீண். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது, அதை உணரும் மரபணு பூனை இனத்திலேயே செயலிழந்துவிட்டது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். கசப்பு நன்றாகத் தெரியும். தீனியில் பொடித்துக் கலந்தால் அந்தத் தீனியையே வெறுத்துவிடும். பூனை இரண்டு மூன்று நாள் முழுப்பட்டினி கிடந்தால், அதிலும் கொழுத்த பூனையென்றால், கல்லீரலில் கொழுப்பு ஏறி அது தனி நோயாகிவிடும்.

நுரை கசப்பினால் வருவது. சில நிமிடத்தில் நின்றுவிடும், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். உங்கள் மாமியாரின் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன், பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நுரை நிற்காமல் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்க முயன்றாலோ, இருமி மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

மன்னிப்பானா என்பதற்கெல்லாம் என்னிடம் நீண்ட பதில் இல்லை. கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து எடுக்காதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிடிக்காதீர்கள், தீனித்தட்டு இருக்கும் இடத்தில் மருந்து கொடுக்காதீர்கள். மீதியை மீன் பார்த்துக்கொள்ளும்.

கடி பட்டால் அலட்சியம் வேண்டாம். பூனைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வீட்டுப்பூனைதானே என்று இருந்துவிடாதீர்கள்.

நாளை காலை டாக்டரைக் கூப்பிட்டு, நான்கு வேளை மருந்து உள்ளே போகவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். விட்டதற்கு ஈடாக நீங்களே இரண்டு துண்டாகக் கொடுத்துவிடாதீர்கள், எத்தனை நாள் நீட்டுவது என்று அவர் சொல்லட்டும். திரவமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரே ஊசியில் இரண்டு வாரம் நிற்கும் மருந்து உண்டே என்று யாராவது சொன்னால், அது கிருமியின் செல்சுவரைத் தாக்கும் மருந்து, பூனைச்சளிக்குக் காரணமாகும் கிருமிகளில் ஒன்றான மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை, அதனால் எல்லாச் சளிக்கும் சரிவராது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். இதுவரை விழுங்கிய துண்டுகளைத் தண்ணீர் இல்லாமல் கொடுத்ததையும் சொல்லுங்கள். அடுத்த மூன்று வாரம், சாப்பிட்ட பின் தீனி திரும்பி வருகிறதா என்று தினமும் பாருங்கள். வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.