கோயாசான் மடத்தில் ஓர் இரவு: கேட்டதும் சொன்னதும்

ஜப்பானில் ஒசாகாவில் குடியிருக்கிறேன். ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் மையமான கோயாசான் மலைக்கு நாலு தடவை போய் மடங்களில் தங்கியிருக்கிறேன். நீங்கள் கேட்டிருந்ததில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில்கள் கீழே.

எப்படிப் போவது அக்கா?

ஒசாகா நம்பாவில் நங்காய் ரயில் ஏறி கோகுராகுபாஷியில் இறங்குங்கள். அங்கிருந்து மலைக்கு கேபிள் கார், மேலே பஸ். மாலை ஐந்துக்குள் மடத்துக்குப் போய்விடுங்கள். இரவுச் சாப்பாடு ஐந்தரை, ஆறுக்கே வந்துவிடும்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டை நம்பலாமா?

ஜப்பானில் நான் யோசிக்காமல் கை வைக்கிற சாப்பாடே இதுதான். வெளியில் வெறும் மிசோ சூப்பில்கூடப் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். மடத்தில் அதற்குப் பதில் ‘கொம்பு’ என்கிற கடற்பாசியும் உலர்ந்த ஷிட்டாகே காளானும். வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எள் தோஃபு வரும், விட்டுவிடாதீர்கள். தோஃபு என்றால் சோயாப் பாலில் செய்வது; இதில் பெயர்தான் தோஃபு, சோயா துளியும் இல்லை. எள்ளை அரைத்து, குட்ஸு என்ற கொடியின் கிழங்கு மாவு கலந்து கிண்டி இறுகவிடுவது. அந்த மலையின் பெயரிலேயே கோயா தோஃபு என்று இன்னொன்று உண்டு. அது சோயா தோஃபுவை உறையவைத்து உலர்த்தியது, சாற்றைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். காரம் மட்டும் தேடாதீர்கள்.

சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவர்களுக்குப் படைக்கிற முறை.

பக்கத்து மேசையில் பீர் குடித்தார்களே, மடம்தானே அது?

மடம்தான். மதுவுக்கு ‘ஹன்யாதோ’ என்று துறவிகள் வைத்த செல்லப்பெயரே உண்டு, ‘ஞான நீர்’ என்று பொருள். அங்குள்ள துறவிகளில் பலர் குடும்பஸ்தர்கள். துறவிகள் மணம் செய்வதற்கும் புலால் உண்பதற்கும் இருந்த தடையை 1872இல் மெய்ஜி அரசு விலக்கிக்கொண்டது.

காலை வழிபாட்டுக்குக் கட்டாயம் போகணுமா?

கட்டாயமில்லை. ஆனால் ஆறு மணிக்கு எழப் பிடிக்காதென்றால் ஒசாகாவிலேயே ஓட்டல் எடுத்துவிடலாமே! சில மடங்களில் ‘கோமா’ என்று தீ வளர்ப்பார்கள். நம் ஹோமம்தான், சொல் உட்பட. மந்திரங்கள் சமஸ்கிருதம், ஜப்பானிய உச்சரிப்பில் கேட்டால் பிடிபடாது. கல்லறைக் கற்களில் ‘சித்தம்’ என்ற பழைய இந்திய எழுத்துகளையும் பார்க்கலாம்.

இதெல்லாம் வந்த வழி: ஷிங்கோனைத் தொடங்கிய துறவி கூக்காய் 804இல் சீனா போய், அங்கே ஹுய்குவோ என்ற குருவிடம் படித்துத் திரும்பி, 816இல் இந்த மலையை சாகா பேரரசரிடம் பெற்றார். ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர்; அவருடைய குரு வஜ்ரபோதி, காஞ்சியோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறவர். ஷிங்கோன் மரபின் குருமார் வரிசையில் அவர் இன்றும் இருக்கிறார். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துப்போனது.

பொதுக் குளியல் கூச்சமாக இருக்குமே?

ஆண், பெண் தனித்தனி. முதலில் தொட்டிக்கு வெளியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். கூச்சம் ஐந்து நிமிஷம்.

ஒகுனோயின் மயானத்தில் போட்டோ எடுக்கலாமா?

கோபியோபாஷி பாலம் வரை எடுக்கலாம். பிரம்மாண்டமான செடார் மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் பாதை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள். பூச்சி ஒழிப்புத் தொழில் செய்கிறவர்கள் தாங்கள் கொன்ற கரையான்களுக்கு வைத்த நினைவுக்கல்கூட உண்டு, தேடிப் பாருங்கள். பாலத்தைத் தாண்டினால் கேமராவை உள்ளே வையுங்கள். 835இலிருந்து கூக்காய் அங்கே தியானத்தில் அமர்ந்திருப்பதாக நம்பிக்கை. இன்றும் காலை ஆறுக்கும் பத்தரைக்கும் அவருக்குச் சாப்பாடு போகிறது. பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றால், துறவிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.